சபலமும் கவனமும்

அகல உழுவதைவிட ஆழ உழு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். உழவுக்குச் சொன்னதை நாம் கலைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டோம். சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவன் நாடகத்துக்குப் போனால், கவிதை எழுதியவன் சுவரோவியம் பார்க்க ஊர் ஊராக அலைந்தால், விமர்சகன் சங்கீதம் கேட்கத் தொடங்கிப் பேனாவை மூடினால், நம் சிறிய வட்டத்தில் தீர்ப்பு உடனே தயாராகிவிடுகிறது: ஆள் நிலைக்கவில்லை, தீவிரம் போதாது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். கலையைத் தவம் என்று நம்புகிறவர்கள். தவத்தில் இடம் மாறுவது குற்றம்தான். ஆனால் ஆர்வம் இடம் மாறுவது ஒழுக்கத்தைச் சேர்ந்த விஷயமா, வெறும் சுபாவத்தைச் சேர்ந்த விஷயமா என்ற கேள்வியை இவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கேள்வியை அந்தரத்தில் நிறுத்திப் பேசினால் பழமொழிக்கு எதிர்ப் பழமொழி என்று முடிந்துபோகும். ஒரு மனிதரை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. வில்லியம் அடிசன் ட்விகின்ஸ் என்ற அமெரிக்கரை எடுத்துக்கொள்கிறேன். கவிஞரோ நாவலாசிரியரோ இல்லை. அச்செழுத்தும் புத்தகமும் வடிவமைத்தவர். நம் பத்திரிகைகளில் அடிபடாத பெயர். ஈய எழுத்தும் அச்சு மையும் கடந்துதான் ஒரு காலத்தில் எழுத்து வாசகனை அடைந்தது என்பதை நினைத்துக்கொண்டால், இவர் நமக்கு அந்நியர் ஆகமாட்டார்.

1880இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். சிகாகோவில் சித்திரம் படித்தபோது அங்கே ஆசிரியராக இருந்தவர் ஃப்ரெடெரிக் கவுடி, பின்னாளில் அமெரிக்க அச்செழுத்து உலகின் பெரிய பெயர். 1904இல் கவுடியைத் தொடர்ந்து பாஸ்டனை அடுத்த ஹிங்கம் என்ற கடலோரச் சிற்றூருக்குப் போனார். இரண்டாண்டில் கவுடி நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். ட்விகின்ஸ் கிளம்பவில்லை. 1956 கிறிஸ்துமஸ் அன்று இறக்கும்வரை அவருக்கு அதுதான் ஊர். இதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ காரியங்களில் மாறி மாறி ஈடுபட்ட மனிதர் ஊர் மாறவில்லை. அலைச்சல் வேறு, ஆர்வம் வேறு.

முதல் இருபது வருஷம் பெரும்பாலும் விளம்பர வேலை. கையெழுத்தில் வரைந்த தலைப்புகள், ஓரச் சித்திரங்கள், வியாபாரக் கம்பெனிகளின் சிறு வெளியீடுகள். நன்றாகச் செய்தார், நல்ல பெயர் வாங்கினார். 1922இல், நாற்பத்திரண்டு வயதில், நீரிழிவு நோய் இருப்பது தெரிந்தது. இன்சுலின் மனித உடம்பில் முதன்முதலாகச் செலுத்தப்பட்டதே அந்த வருஷம்தான். அதற்கு முன் நீரிழிவு என்றால் பலருக்கும் நாள் குறித்த மாதிரி. நோய் தன்னுடைய வேலைப் போக்கையே திருப்பிவிட்டது, இனி விளம்பரத்தின் அற்பமான வகைகளுக்கு முதுகைக் காட்டப்போகிறேன் என்ற கருத்தில் ஒரு நண்பருக்கு எழுதினார். விளம்பரத்தை ஒரே நாளில் விட்டுவிடவில்லை. சில வருஷங்கள் பிடித்தன. ஆனால் திரும்பிவிட்டார்.

திரும்பிய திசை புத்தகம். அமெரிக்கப் புத்தகங்களின் தயாரிப்பு எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதைப் பற்றி 1919லேயே ஒரு கேலிப் பிரசுரம் போட்டிருந்தார். இல்லாத ஒரு சங்கம், அது நடத்தாத ஒரு விசாரணை, அதற்குச் சாட்சிகள், தரத்தின் வீழ்ச்சியைக் காட்டும் ஒரு வரைபடம். எல்லாம் கற்பனை, குற்றச்சாட்டு மட்டும் நிஜம். 1920களின் நடுவிலிருந்து ஆல்ஃபிரட் க்னாஃப் என்ற பதிப்பாளருக்காகப் புத்தகங்களை வடிவமைக்கத் தொடங்கி, கடைசிவரை அந்த உறவை விடாமல், அந்த ஒரு பதிப்பகத்துக்கு மட்டும் ஏறக்குறைய 280 புத்தகங்கள் செய்தார். 1928இல் விளம்பரப் பக்க அமைப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். கைகழுவிக்கொண்டிருந்த ஒரு தொழிலைப் பற்றி அவ்வளவு பொறுப்பாக எழுதியது விசேஷம். அதில் அப்போது புழங்கிய நவீன அச்செழுத்துகளைக் குறை சொல்லியிருந்தார். லைனோடைப் கம்பெனிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் நீங்களே ஒன்று வரைந்து காட்டுங்கள் என்றார்கள். ஐம்பதை நெருங்கிய வயதில் தம் முதல் அச்செழுத்தை வரைந்தார். மெட்ரோ அது. பிறகு 1935இல் எலெக்ட்ரா, 1930களின் இறுதியில் கலிடோனியா. அமெரிக்கப் புத்தகங்களில் தலைமுறைக் கணக்கில் வாசிக்கப்பட்ட எழுத்துகள் இவை.

இதற்கிடையே 1932இல் அமெரிக்கக் காகிதப் பணத்தின் வடிவமைப்பைச் சீர்திருத்த வேண்டும் என்று ஒரு நூல் எழுதி மாதிரிகளும் வரைந்தார். யாரும் கேட்கவில்லை, அரசாங்கம் ஏற்கவும் இல்லை. கையில் தினமும் புரள்வதாலேயே எவர் கண்ணிலும் படாமல் போகிற ஒரு பொருளை எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவர் பார்த்திருக்கிறார். நோட்டு எண்ணிப் பிழைக்கிற எனக்கு இதில் ஒரு தனி மரியாதை உண்டு. செல்லுலாய்டுத் தகட்டில் சின்னச் சின்ன வடிவங்களை வெட்டி, அவற்றை மாற்றி மாற்றி அடுக்கி மை தடவி அலங்காரங்கள் செய்தார். நாடகம், கதை, கட்டுரை எழுதினார். ஹெர்மன் புட்டர்ஷைன் என்று இல்லாத ஒரு மனிதரை உண்டாக்கி, அவர் பெயரில் ட்விகின்ஸின் வேலையைப் பற்றியே எழுதினார். எல்லாவற்றுக்கும் மேல், மரத்தில் பொம்மை செதுக்கிக் கயிறு கட்டி ஆட்டினார். ஏறக்குறைய ஒரு அடி உயரப் பொம்மைகள், அவற்றுக்கென்று சொந்தமாக ஒரு சிறு அரங்கு, அவரே எழுதிய நாடகங்கள், பார்க்க அக்கம்பக்கத்தாரும் நண்பர்களும்.

நிலைக்காத ஆள் என்று நம் வட்டம் தீர்ப்புச் சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

*

பொம்மை செதுக்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரு இளம்பெண்ணின் முகம் என்றால் கன்னமும் உதடும் மென்மையாக, நயமான வளைவுகளோடு இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கினால், பின் வரிசையில் இருக்கிறவர்களுக்கு அந்த நயம் எட்டவே எட்டாது. முகம் மழுங்கித் தெரியும். வளைவுகளை விட்டுவிட்டு, கத்தியால் தட்டையான தளங்களாக, கூர்மையான விளிம்புகளோடு, கிட்டத்தில் பார்த்தால் முரடாகத் தெரியும்படி வெட்டினால், தூரத்தில் அதுவே மென்மையான இளமுகமாகக் கூடி வருகிறது. மென்மையை மென்மையால் காட்ட முடியவில்லை. கூர்மையால் காட்ட முடிகிறது.

பொம்மைக்காரர் இத்தோடு நின்றிருப்பார். அச்செழுத்துக்காரரும் கூட இருந்தார். புத்தகத்தில் இருக்கும் சின்ன எழுத்துக்கும் வாசகன் கண்ணுக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறதல்லவா? அந்த எழுத்தும் ஒரு வகையில் மேடை மேல் நிற்கும் பொம்மைதானே? எழுத்தின் உள்வளைவுகளைப் பெரிதாக வரைந்து பார்த்தால் அழகாக இருக்க வேண்டும் என்று இழைக்காமல், தட்டையாகவும் கோணலாகவும் வெட்டிவிட்டால், சின்ன அளவில் அது உயிரோடு இருக்குமோ? 1930களின் பிற்பகுதியில் லைனோடைப் கம்பெனியின் கிரிஃபித்துக்கு இந்த யோசனையைக் கடிதமாக எழுதினார். பொம்மை என்பதன் ஆங்கில முதலெழுத்தை வைத்து இதற்கு எம்-சூத்திரம் என்று பெயர். இதை வைத்துச் சில எழுத்துகளைச் சோதித்தார். பெரும்பாலானவை சோதனையோடு நின்றன. ஃபால்கன் என்ற ஒன்று அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1961இல் வெளிவந்தது. ஆனால் யோசனை சாகவில்லை. பின்னால் வந்த அச்செழுத்துக் கலைஞர்கள் அந்தக் கடிதத்தைத் தேடிப் படித்தார்கள். தங்கள் எழுத்துகளில் செய்து பார்த்தார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். ஆ, பொம்மை வீண் போகவில்லை, எழுத்துக்குப் பயன்பட்டுவிட்டது என்பார்கள். நான் பார்க்கும் உத்தியோகத்தில் இது பழகிய மனோபாவம். ஒரு பற்று எழுதினால் எங்கோ ஒரு வரவு இருந்தாக வேண்டும். பொம்மைக் கணக்கில் போன காலம் எழுத்துக் கணக்கில் வரவாகிவிட்டது, பேரேடு சரியாகிவிட்டது. ஆர்வத்துக்கு இன்று கிடைக்கும் ஆதரவெல்லாம் இந்த வகைதான். பலதும் கற்றுக்கொள், ஒரு நாள் பயன்படும் என்கிறார்கள். இது ஆர்வத்துக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. வட்டி வரும் என்று தெரிந்து போடுகிற பணத்துக்குப் பெயர் முதலீடு.

யோசித்துப் பாருங்கள். அந்த அரங்கில் ஆடியவற்றில் எழுத்துக்கு உதவியது ஒரே ஒரு கவனிப்புதான். மற்ற பொம்மைகள், நாடகங்கள், உடைகள், மாலை வேளைகள் எதுவும் எழுத்துக்கு ஒன்றும் தரவில்லை. அவை வீணா? வீண் என்று சொன்னால், அந்த ஒரு கவனிப்பும் வந்திருக்காது என்பது ஒரு பதில். ஆனால் அதுவும் கணக்குப் பதில்தான். என் பதில் வேறு. எழுத்துக்கு ஒரு துளியும் கிடைக்காமல் போயிருந்தாலும், அந்தப் பொம்மைகள் செய்யப்பட வேண்டியவைதான். அவற்றை எப்படிச் செய்தார் என்பதில் இருக்கிறது அதற்கான நியாயம்.

1939இல் பொம்மையின் இயக்கத்தைப் பற்றிப் படங்களோடு ஒரு சிறு நூல் போட்டார். பொம்மையின் உறுப்புகளில் எடை எங்கே இருக்க வேண்டும், எதை எது சமன்செய்தால் அது தானாக நிற்கும், நடக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்குத்தானே என்று பொம்மைக்கு எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை. அச்செழுத்தின் ஒரு வளைவுக்கு எவ்வளவு பொறுமையோ, பொம்மையின் முழங்காலுக்கும் அவ்வளவு பொறுமை. எழுத்து வாசிக்கப்பட வேண்டும், பொம்மை நடக்க வேண்டும். நடக்காத பொம்மையை மனோபாவத்தால் நடக்க வைக்க முடியாது.

*

சபலத்துக்கும் ஆர்வத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும். எப்போது விட்டுப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எந்தக் காரியமும் முதலில் நமக்கு இணங்குவதுபோல் பாவனை காட்டும். முதல் பத்துக் கவிதைகள் எல்லோருக்கும் வரும். பிறகு அது எதிர்க்கத் தொடங்கும். மரம் கத்திக்கு எதிராகத் திரும்பும், சொல் நினைத்ததைச் சொல்ல மறுக்கும். சபலக்காரன் அந்த இடத்தில்தான் எழுந்து போவான். அடுத்த காரியத்தின் இணக்கமான முதல் நாட்களுக்குப் போவான். அவன் எதையும் சந்தித்ததில்லை. போன இடமெல்லாம் தன்னையே எடுத்துப் போய், தன்னையே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஆர்வமுள்ளவன் எதிர்ப்பு தொடங்கும் இடத்தில்தான் உட்காருகிறான். அதற்குப் பிறகு அவன் ஒரு நாள் எழுந்து போனால், கையில் அந்தப் பொருளின் தழும்பு இருக்கும்.

ஆக, மாறாமல் இருக்க வேண்டியது கவனத்தின் தரம். விஷயம் மாறலாம். கவனம் ஒருவனிடம் இருந்தால் அது பொம்மையிலும் இருக்கும், பணத்தாளிலும் இருக்கும். பழமொழியையும் இப்படித்தான் படிக்கத் தோன்றுகிறது. ஆழ உழு என்றால் ஒரே பயிரை வை என்று எந்த விவசாயியும் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. தஞ்சைப் பக்கம் நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற கதிருக்கு நடுவிலேயே உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவார்கள். நெல்லுக்குச் செய்த துரோகம் என்று அதை யாரும் சொல்வதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ட்விகின்ஸ் தம் விளம்பர நூலை வெளியிட்ட அதே 1928இல், ஜெர்மனியில் யான் சிச்சோல்ட் என்ற இளைஞர் புதிய அச்சுக்கலை பற்றித் தம் நூலை வெளியிட்டார். அது நூல் மட்டுமில்லை, பிரகடனமும்கூட. இந்த வகை எழுத்துதான் இந்த யுகத்துக்கு உரியது, மற்றதெல்லாம் செத்தது என்று சட்டம் போட்டது. 1933இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். வெளியே வந்து ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். பிறகு மெதுவாகப் பழைய, மரபான புத்தக அமைப்புக்கே திரும்பினார். 1946இல் மாக்ஸ் பில் இதைக் கொள்கைத் துரோகம் என்ற தொனியில் தாக்கினார். சிச்சோல்டும் விடவில்லை. தம் பழைய பிரகடனத்தின் சகிப்பின்மைக்கும் தம்மைத் துரத்திய அதிகாரத்தின் சகிப்பின்மைக்கும் உறவு உண்டு என்று பதில் எழுதினார். பெரிய மனிதர், பெரிய வேலைகள் செய்தவர். ஆனால் அவருடைய மாற்றம் ஏன் அவ்வளவு வலியோடும் வசையோடும் நடக்க வேண்டியிருந்தது? தன் ஆர்வத்தை உலகத்துக்குச் சட்டமாக எழுதிவைத்தவன், அது மாறும்போது மதம் மாறியவனாகிவிடுகிறான். ஹிங்கத்தில் இருந்தவர் எந்தப் பிரகடனத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அவர் மாறியபோது எதையும் மறுதலிக்க வேண்டியிருக்கவில்லை. பிரகடனங்களை நம்பித் தொடங்கிய நம் சிறுபத்திரிகைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நம் சண்டைகளில் பாதி, யாரோ ஒருவரின் ஆர்வம் நகர்ந்ததைக் கொள்கை மாற்றமாகப் படித்ததால் வந்தவை.

*

ஒரு ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. இதுதான் கனமானது. ஆர்வம் நகர்கிறபோது பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே? கிரிஃபித் காத்திருந்தார். ட்விகின்ஸ் வரைந்த அச்செழுத்துகளில் வெளிவந்தவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. சோதனை அளவில் நின்றுபோனவை அதைவிட அதிகம். போர்க்காலம், செலவு, கம்பெனியின் தயக்கம் எல்லாம் காரணங்கள். என்றாலும், ஒரே ஒன்றில் உட்கார்ந்திருந்தால் இன்னும் சில எழுத்துகள் கிடைத்திருக்குமோ என்று வாசகன் கேட்கலாம். கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது.

நான் இங்கே ஒரு கோடு போடுவேன். கடமை என்பது மனிதர்களுக்குப் பட்டது. விஷயங்களுக்கு நாம் கடமைப்படுவதில்லை. க்னாஃபிடம் ஒப்புக்கொண்ட புத்தகம் வர வேண்டும். முப்பது வருஷம் வந்துகொண்டே இருந்தது. பொம்மைக்குள் போய்விட்டேன், புத்தகம் அடுத்த வருஷம் என்று சொல்லியிருந்தால் அது ஒழுக்கக் கேடு. கொடுத்த வாக்கை ஆர்வத்தின் பெயரால் மீற முடியாது. ஆனால் புத்தகக் கலை என்ற தேவதைக்கு அவர் வாக்கு ஏதும் கொடுத்திருக்கவில்லை. அப்படி ஒரு தேவதை கிடையாது. கவிதைக்கும் கிடையாது. கவிதையை விட்டுப் போனவனிடம் கவிதையின் சார்பில் நாம் கணக்குக் கேட்பது, இல்லாத ஒருவருக்காக வசூலுக்குப் போவது.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. நம் வட்டத்தில் ஒழுக்கக் கேடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், விட்டுப் போனவர்களைவிட விடாமல் இருப்பவர்களிடம்தான் அதை அதிகம் பார்க்கிறேன். ஆர்வம் செத்துப் பத்து வருஷம் ஆன பிறகும் அதே கவிதையை அதே மூச்சில் எழுதிக்கொண்டிருப்பது, கவிஞன் என்ற பெயருக்காக இடத்தை விட்டு எழாமல் இருப்பது, அதை விசுவாசம் என்று அழைப்பது. இவர்களும் நிலைத்தவர்கள்தான். இவர்களை நாம் கேள்வி கேட்பதில்லை. கூட்டத்தில் முன் வரிசை கொடுக்கிறோம்.

நல்ல கவிதைகள் ஒரு பதினைந்து எழுதிவிட்டு நிறுத்திக்கொண்ட நண்பர் ஒருவர் இப்போது ஏரிக்கரையில் பறவை பார்க்கிறார். நம்மில் சிலருக்கு அவர் மேல் கோபம். வீணாய்ப் போனார் என்கிறார்கள். அவரை அடுத்த முறை பார்க்கிறபோது, ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டாம். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் மங்கலாக, உற்சாகமாக, எல்லாம் ரொம்ப அழகாக இருக்கிறது என்கிற ரீதியில் வந்தால், அப்போது கோபப்படுங்கள். ஒரு நாரை நீரில் கால் எடுத்து வைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கினால், பேசாமல் கேட்டுக்கொள்வது நல்லது.